துண்டு போட்ட இடம்

1.

இந்தக் கதை ஒரு துண்டிலிருந்து தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலக் கரை போட்ட, துவைத்துத் துவைத்துச் சாயம் போன சாதாரணத் துண்டு. உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்காக கே.ஜி.எஃப். போயிருந்தபோது, ஊரிகத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றுக்கு என்னைக் காபி குடிக்க அழைத்துப் போனார்கள். முன்னறைச் சுவரில் ஆள் உயரப் பலகை ஒன்று சாய்ந்திருந்தது. அதில் ஒரு ரயில் பெட்டியின் உட்புறம் வரையப்பட்டிருந்தது. ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து இடத்தை மறைத்து, நாலு மூலையிலும் பின் குத்தி, அந்தத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

“படம் இன்னும் காயலைங்களா?” என்று கேட்டேன்.

“ஆமா, காயுது. நீங்க காபி ஆறிடறதுக்குள்ள குடிங்க,” என்றார் அந்த வீட்டுப் பெண்மணி.

அவருடைய கணவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். டிவி ஓடவில்லை. ஜன்னலோரத்து ஆள் அவர்தான் என்பது மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது.

காய்கிற படத்தின் மேல் யாராவது துண்டைப் போடுவார்களா? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் சந்தேகப்பட்டு எழுதியது, பெயர்கள் உட்பட.

2.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: அதிகாலைப் பனியில் மூழ்கியிருந்த ஊரிகத்தின்—

(வேண்டாம். ஒருவர் பனியிலிருந்து தொடங்கினால் அவருக்கு இன்னும் கதை கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.)

பிறகு இப்படி: லதாவின் கணவன் மனோகருக்கு வேறொரு—

(எடுத்த எடுப்பிலேயே தீர்ப்பு. நான் யார் அதைச் சொல்ல?)

மூன்றாவது: “இன்னும் ஒரு கரண்டி போடு,” என்றான் மனோகர். லதா டப்பாவில் இன்னொரு கரண்டி புளிசாதத்தை வைத்து அழுத்தி மூடினாள்.

இதை வைத்துக்கொள்கிறேன். இதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை என்பதுதான் இதிலுள்ள வசதி.

3.

லதாவும் மேகனாவும் சேர்ந்து வரைகிறவர்கள். லதாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. வீட்டு முன்னறைதான் அவளுக்குப் பட்டறை. மேகனா நந்திதுர்க் சுரங்கம் பக்கம் இருப்பவள், லதாவைவிட ரொம்பச் சின்னவள். வாரநாட்களில் மனோகர் போகும் அதே காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமையானால் பிரஷ்களோடு லதா வீட்டில் இருப்பாள். அவர்கள் வரைந்துகொண்டிருந்தது அந்தக் காலை ரயிலைத்தான். லதா அதில் ஏறியதே இல்லை. அதனால் பெட்டி, ஜன்னல், வெளியே தெரியும், சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேடு எல்லாம் லதாவின் பொறுப்பு. தினம் பார்க்கிறவள் மேகனா என்பதால் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் அவளுடைய பொறுப்பு.

(இங்கே ஒரு அடிக்குறிப்பு வேண்டும், ஆனால் அடியில் போட்டால் நீங்கள் படிக்கமாட்டீர்கள். அவர்களுடையது தேன்மெழுகு வண்ணம். மெழுகு என்றதும் அடுப்பு, கொதிக்கும் கிண்ணம் என்று நினைக்காதீர்கள். இது தண்ணீரில் கரையும்படி பக்குவப்படுத்திய மெழுகு. வாட்டர் கலர் மாதிரியே பூசலாம். காய்ந்த பிறகும் ஈரத் துணியால் துடைத்தால் வந்துவிடும். ஆனால் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் ஒருமுறை சூடு காட்டிவிட்டால் உருகிப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தண்ணீருக்கு அசையாது.)

முன்பொருமுறை லதா தனியாக ஒரு வானத்துக்குச் சூடு காட்டிவிட்டாள். மேகனா கோபித்துக்கொண்டு சில வாரம் வராமலே இருந்தாள். அன்றிலிருந்து ஒரு பேச்சு: இரண்டு பேரும் இருந்தால்தான் ஹீட் கன்னைத் தொடுவது.

ஒரு திங்கட்கிழமை லதா ஜன்னல் கம்பிகளை வரையப் பலகை முன்னால் உட்கார்ந்தபோது, படத்தில் ஜன்னலோரம் இருந்த மனோகருக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முகம் அவன் பக்கம் திரும்பியிருந்ததால் ஒரு கன்னமும் காதும்தான் தெரிந்தன. கையில் ஒரு டப்பா மூடி, அதில் கொஞ்சம் சோறு. மூடியின் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அந்த மூடியை லதா தினம் தேய்த்துக் கழுவுகிறாள்.

இன்னும் ஒரு கரண்டி போடு என்று கொஞ்ச நாளாகத்தான் கேட்கிறான். ஆனால் ஆள் முன்னைவிட இளைத்துத்தான் இருக்கிறான்.

ஈரத் துணியை எடுத்து அந்தப் பெண்ணைத் துடைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்த மேகனா காலி இடத்தைப் பார்த்தாள், அதே கன்னத்தையும் அதே மூடியையும் மறுபடி வரைந்துவிட்டுப் போனாள். லதா மறுபடி துடைத்தாள். அவள் மறுபடி வரைந்தாள். நடுவில் இருவரும் சேர்ந்து டீ குடித்தார்கள், ஊர்க்கதை பேசினார்கள். லதாவுக்குப் பயமாக இருந்தது. கேட்டு, ஒன்றுமில்லை என்றாகிவிட்டால் சேர்ந்து வரைய இருக்கும் ஒரே ஆளையும் இழப்பாள். கேட்டு, ஏதோ இருக்கிறது என்றாகிவிட்டால் வீட்டையே இழப்பாள்.

4.

நீங்கள் இப்போது மேகனாவைச் சந்தேகப்படுகிறீர்கள். தெரியும், நானும்தான். அதே ரயில், அதே பெட்டி. அந்தக் கன்னம் மேகனாவுடையதாக ஏன் இருக்கக் கூடாது? எழுதிப் பார்த்தேன்: மேகனா டப்பா மூடியை வாங்கிக்கொண்டபோது அவள் விரல்—

நிறுத்திவிட்டேன். நான் பார்க்காத விரலைப் பற்றி எழுதக் கை வரவில்லை. மேகனா ஒரு தோழியாக லதாவுக்கு எதையோ காட்டிக்கொடுக்கப் பார்க்கிறாள் என்றும் வைத்துக்கொள்ளலாம். வெறும் விளையாட்டு என்றும் சொல்லலாம். எந்த மேகனாவை எழுதினாலும் அவள் பொருந்திவிடுகிறாள். அதுவே எனக்கு அவள்மேல் உள்ள குறை.

அடுத்த திங்கட்கிழமை லதா ஈரத் துணியால் துடைத்தாள். கன்னம் போகவில்லை. அழுத்தித் தேய்த்தாள். துணியில் ஒரு துளி வண்ணம்கூட ஒட்டவில்லை.

யாரோ சூடு காட்டியிருந்தார்கள்.

5.

ஞாயிற்றுக்கிழமை மேகனா உள்ளே வந்து பையை வைப்பதற்குள் லதா கேட்டாள். “நீதான் சூடு காட்டினியா?”

மேகனா போய்க் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். “நான் இல்லக்கா. நீங்க இல்லாம நான் எப்ப எடுத்தேன்?”

“சரி, இவ யாரு? அதையாவது சொல்லு.”

மேகனா பையிலிருந்து பிரஷ்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். (உண்மையைச் சொல்லவும் கொஞ்சம் நேரம் வேண்டும், பொய்யைத் தயார் செய்யவும் வேண்டும். எது என்று எழுதுகிற எனக்கே தெரியவில்லை.)

“நீங்கதான்க்கா.”

“நானா?”

“சோறு கட்டி அனுப்பறது நீங்க. அண்ணன் தெனம் அதைத் தொறந்து தனியா சாப்பிடறாரு. பக்கத்துல காலியா வுட்டா ஃப்ரேம்ல இன்னாமோ கொறையற மாதிரி இருந்திச்சி. அதான் உங்கள உக்கார வச்சேன். நீங்க தொடச்சிகினே இருந்தீங்க. எனக்கும் வுட மனசு வரலை.”

லதாவுக்கு நம்பிவிட வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் திரும்பிய கன்னம் யாருடைய கன்னமாகவும் இருக்கலாம். எனக்கும் இந்தப் பதில் ஒப்பவில்லை. கொஞ்சம் அதிகமாகவே அழகாக இருக்கிறது.

அப்போது மனோகர் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தான். “ரெண்டு பேரும் இன்னாத்துக்கு இப்படி நிக்கறீங்க?”

“இதுக்கு யாரோ சூடு காட்டிக்கிறாங்க,” என்றாள் லதா.

“நான்தான்.”

“நீங்களா? இன்னாத்துக்குங்க?”

“அந்தம்மா ஒரு வாரம் வர்றாங்க, ஒரு வாரம் காணோம். ஒரு எடமா உக்காரட்டுமேன்னுதான்.”

“அது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?”

“படம் போடறது நீங்க. என்னைக் கேட்டா?” என்று சொல்லிவிட்டுப் பாலை உள்ளே கொண்டுபோனான்.

லதா குனிந்து கன்னத்தைப் பார்த்தாள். ஒரு கொப்புளம் இல்லை, எங்கும் வழியவில்லை. இஸ்திரி போடச் சொன்னால் சட்டையைக் கருக்கிவிடுகிற ஆள், இந்தக் கன்னத்துக்கு அவ்வளவு பதமாகச் சூடு காட்டியிருந்தான்.

6.

எனக்குத் தோன்றிய முடிவுகள்.

லதா கத்தியை எடுத்து அந்தப் பெண்ணைச் சுரண்டிவிடுகிறாள். (சூடு காட்டிய மெழுகையும் சுரண்டலாம். ஆனால் பிறகு தினம் அந்தச் சுரண்டலைப் பார்த்துக்கொண்டுதானே கூட்டிப் பெருக்க வேண்டும்?)

மூவரும் சிரித்து, காபி குடித்து, எல்லாம் சரியாகிறது. (நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும்தான்.)

அல்லது இது. இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

மறுநாள் மனோகர் டப்பாவோடு கிளம்பியதும் லதா வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் நகரப்போகும் சமயத்தில், அவன் ஏறிய பெட்டியின் அடுத்த வாசலில் ஏறினாள். உள்ளே சீட்டாட்டம், தூக்கம், யாரோ திறந்த டப்பாவிலிருந்து வந்த சட்னி வாசனை. இடுக்கில் நுழைந்து நுழைந்து போனாள். மனோகர் ஜன்னலோரம் இருந்தான். எதிர் சீட்டில் இருந்த மேகனா லதாவைப் பார்த்ததும் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள்.

மனோகருக்குப் பக்கத்து இடத்தில் நீலக் கரை போட்ட ஒரு துண்டு கிடந்தது.

சுற்றிலும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் அந்த இடத்தைக் கேட்கவில்லை. அது வழக்கமாகப் போடுகிற துண்டு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வேர்வை துடைக்க எடுத்துப்போகிறான் என்று நினைத்து லதா அதைத் துவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மனோகர் நிமிர்ந்து பார்த்தான். மனைவி ஒருநாளும் ஏறாத ரயிலில் எதிரே நிற்கிறாள். அவன் திகைக்கவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு, “வா, உக்காரு,” என்றான்.

“யாருக்குப் போட்டது இது?”

“மொதல்ல உக்காரு லதா. வண்டி ஆடுது.”

உட்கார்ந்தாள். துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மனோகர் டப்பாவைத் திறந்து, மூடியில் கொஞ்சம் புளிசாதம் எடுத்து வைத்து அவளிடம் நீட்டினான். வழக்கமாகச் செய்கிற மாதிரி கை தானாக நீண்டது. நசுங்கிய விளிம்பு லதாவின் விரலில் பட்டது. இப்போது எதிர் சீட்டிலிருந்து பார்த்தால் பலகையில் இருக்கும் படம் அப்படியே இருக்கும்: ஜன்னலோரம் அவன், பக்கத்தில் முகம் திருப்பிய ஒரு பெண், அவள் கையில் மூடி.

மேகனா சொன்னது உண்மையாகிவிட்டது என்றும் சொல்லலாம். லதா வேறு யாருடைய இடத்திலோ உட்கார்ந்திருக்கிறாள் என்றும் சொல்லலாம்.

7.

வண்டி வேகம் குறைகிறது. அடுத்த ஸ்டேஷன் கோரமண்டல். நான் அங்கே இறங்கிக்கொள்கிறேன்.

அங்கே ஏறுகிறவர்களில் ஒரு பெண் நேராக இந்தப் பக்கம் வந்து, துண்டைத் தேடி, லதாவைப் பார்த்து நிற்பாளா, இல்லை அப்படி யாருமே வரமாட்டார்களா என்பதை நான் எழுதப்போவதில்லை. இந்தக் கதையில் எந்த வரிக்கும் நான் சூடு காட்டவில்லை. பிடிக்காததைத் துடைத்துவிடுங்கள். அந்தத் துண்டு எப்படிப் படத்தின் மேல் போய்ச் சேர்ந்தது என்பதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் எழுதுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ரயில் நின்றுவிட்டது. லதா மூடியைப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சோற்றில் இன்னும் கை வைக்கவில்லை.