கஞ்சியில் வெந்த மருந்து

பட்டுப்புழு கடைசிப் பருவத்துக்கு வந்துவிட்டால் கொட்டகைப் பக்கம் யாரையும் இருமக்கூட விடமாட்டேன். போன தடவை நோய் வந்து மொத்தமும் போய்விட்டது. இந்தத் தடவையும் போனால் கொட்டகையைப் பிரித்துவிடுவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. கூடு கட்ட இன்னும் ஒன்றிரண்டு நாள்தான்.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் அடி அண்ணாமலைக்கு வருவதற்குள் இளநீர்க் கடையைத் திறக்கவேண்டும் என்று என் வீட்டுக்காரர் குமரேசனுக்கு அவசரம். விடிந்ததும் மல்பெரிக்குப் பக்கத்திலிருந்த கடலைக்கு மருந்தடித்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடிவிட்டார். நான் மல்பெரி இலை பறித்துத் தட்டுகளில் போட்டுவிட்டு வெளியே வந்தால், வரப்பில் காலிப் பாக்கெட். பாக்டீரியாவிலிருந்து எடுத்த புழுக்கொல்லியாம். பட்டுப்புழு வளர்க்கும் இடத்தருகே தெளிக்கவேண்டாம் என்று தமிழிலேயே போட்டிருந்தது. காற்றோ கடலையிலிருந்து நேராக மல்பெரிக்கு அடித்துக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். இலையில் பாதிக்கு மேல் தின்று தீர்த்திருந்தன. மிச்சத்தை வாரிக் கொட்டிவிட்டு, பட்டு வளர்ச்சித் துறை கோதண்டராமன் சாருக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டேன். கடையிலிருந்த மனுஷனையும் இழுத்துவந்தேன்.

மத்தியானம் வந்த சார், வேறு தோட்டத்து இலை கொஞ்சம் போட்டுப் பார்த்தார். புழுக்கள் மளமளவென்று மேய்ந்தன.

"விஷம் ஏறியிருந்தா இந்நேரம் தீனிய நிறுத்தியிருக்குமே! மருந்த எப்பிடிக் கலந்தீங்க?"

"எலையில ஒட்டணும்னு வடிகஞ்சியிலதாங்க கலப்போம். இது கட்டி கட்டியா நின்னுச்சு. நின்னு கரைக்க நேரமில்லன்னு அடுப்புல ஏத்தி நல்லா கொதிக்க வுட்டுட்டேன். ஆறினப்புறம்தான் அடிச்சேன்" என்றார் இவர்.

சார் வாய்விட்டுச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அதுல இருக்கிறது ஒரு புரதம், அருணாம்மா. அது மடிப்பு மடிப்பா மடங்கி நிக்கிற வடிவத்துலதான் வேலையே. அந்த வடிவத்தோட போனாத்தான் புழுவோட குடல்ல பொருந்தி ஓட்டை போடும். கொதிச்சா வடிவம் கலைஞ்சுபோவும். வெந்த முட்டைய அடைக்கு வெச்சா குஞ்சு பொரிக்குமா?"

நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அத்தனை நிம்மதி.

"அப்போ கடலையில இருக்கிற புழுவுங்க?" என்றார் இவர்.

"அதுங்களும் சௌக்கியமாத்தான் இருக்கும். இங்க கூடு கட்டி முடிக்கட்டும். அப்புறம் பச்சைத் தண்ணியில கலந்து, காத்து இல்லாத நேரமா பாத்து அடிங்க."

அவசரக்குடுக்கை என்று இவரை நான் திட்டாத நாள் கிடையாது. அன்று எழுந்துபோய், சார் நிற்பதையும் பார்க்காமல், இவர் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தேன்.