பக்க எண் இல்லாத பெண்

1977ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் யோகராணி அந்த ஆய்வேட்டைத் தட்டச்சு செய்துதர ஒப்புக்கொண்டாள். அப்போது அவள் மெல்பேர்ணில், கிளேட்டன் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தாள். கணவர் மகாதேவன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து பதினான்கு மாதத்தில், வேலைத்தலத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. திரும்பி வா என்று யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணன் மூன்று கடிதம் எழுதினார். அவள் போகவில்லை. வார நாட்களில் ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலை; சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வுகள்.

பாலகிருஷ்ணன் மாணவர் வயதைத் தாண்டியவர். நாற்பத்திரண்டு. யாழ்ப்பாணத்துக் கோப்பாய்க்காரர், கல்யாணம் செய்யாதவர். போட்ஸ்வானாவில் கன்யே என்ற ஊரில் ஐந்து வருடம் கணிதம் படிப்பித்துவிட்டு, ஊருக்குப் போய் ஒரு வருடம் நின்று, பிறகு மெல்பேர்ணுக்கு வந்திருந்தார். போட்ஸ்வானாவில் பேசும் செட்ஸ்வானா மொழியின் நாவல்களில் பாத்திரங்கள் எப்படிப் படைக்கப்படுகின்றன என்பதுதான் அவருடைய ஆய்வு.

"கணக்கு மாஸ்டருக்கு நாவல் என்னத்துக்கு?" என்று முதல் நாளே கேட்டாள்.

"பாஷை பழகத்தான் வாசிச்சனான். பிறகு விட ஏலாமல் போச்சுது."

ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணிக்குக் கையெழுத்துத் தாள்களோடு வருவார். அவருடைய எழுத்துப் புரியாத இடங்களில் அவள் கேட்க, பக்கத்துக் கதிரையில் இருந்து வாசித்துச் சொல்லுவார். ஒருநாள் முகம் சிவந்து வந்தார். அந்த நாவல்களின் பாத்திரங்களுக்கு ஆழம் போதாது என்று பேராசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தாராம்.

"ஒருத்தன் தனக்குள்ள என்ன நினைக்கிறான் எண்டு பக்கம் பக்கமா எழுதினால்தான் இவையளுக்கு ஆழம். அங்க அப்பிடியில்லை. ஒரு ஆளை மற்ற ஆக்கள் என்னெண்டு கூப்பிடுகினம் எண்டு பாருங்கோ. முழு வாழ்க்கையும் அதுக்குள்ள இருக்கும்."

அங்கே ஒரு பெண்ணுக்கு முதல் பிள்ளை பிறந்ததும், பிள்ளையின் பெயரைச் சேர்த்து இன்னாரின் அம்மா என்றுதான் ஊர் முழுக்கக் கூப்பிடுமாம். அவர் எடுத்துக்கொண்ட ஒரு நாவலில் மகன் களவெடுத்துவிட்டு ஊரைவிட்டு ஓடிப்போகிறான். அதற்குப் பிறகு அயலவர்கள் அந்தத் தாயை மகன் பெயரோடு கூப்பிடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிடுகிறார்கள். அவள் அழுதாள் என்று ஆசிரியர் ஒரு வரிகூட எழுதவில்லை. யோகராணி அந்தப் பக்கத்தை அடித்து முடித்துவிட்டு, இன்னொரு தரம் முதலிலிருந்து வாசித்தாள்.

அவளை அலுவலகத்தில் 'மிஸிஸ் மஹா' என்பார்கள். பாலகிருஷ்ணனும் முதலில் 'மிஸிஸ் மகாதேவன்' என்றுதான் சொன்னார். ஜூன் மாதத்தில் ஒருநாள், தன்னை அறியாமலே, "யோகராணி, இந்த வசனத்தை வெட்டிவிடுங்கோ" என்றார். அந்த நகரத்தில் அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரலை அவள் இரண்டு வருடமாகக் கேட்டிருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வெள்ளனவே எழும்பி மீன் கட்லட் செய்தாள். சேலையை இரண்டு தரம் மாற்றினாள். தனக்கு முப்பத்தெட்டு வயது என்று கண்ணாடிக்கு முன்னால் வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். அது ஒன்றுக்கும் உதவவில்லை. செவ்வாய், புதன் ஆகும்போதே சனிக்கிழமைக்கு எத்தனை நாள் என்று மனம் பார்க்கத் தொடங்கிவிடும்.

ஐந்தாம் அத்தியாயம் பெண் பாத்திரங்களைப் பற்றியது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எந்த நாவல், எந்தப் பக்கம் என்று அடிக்குறிப்பு இருந்தது. ஒருத்திக்கு மட்டும் இல்லை. அவள் பெயர் கொமோட்சோ. முன்னே பிறந்த குழந்தை இறந்த பிறகு பிறந்தவள் என்பதால் ஆறுதல் என்று பொருள்படும் அந்தப் பெயரை வைத்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியை. முப்பது வயதாகியும் அவளை யாரும் வேறு பெயரால் கூப்பிட நேரவில்லை. தான் நேசித்தவன் பஸ் ஏறிப் போனபோது வாய் திறவாமல் நின்றாள். பொறுமையே அவள் குணம். இவ்வளவும் ஒன்றரைப் பக்கத்தில் இருந்தது.

சனிக்கிழமை அவர் வந்து அமர்ந்ததும் யோகராணி கேட்டாள்.

"மாஸ்டர், இந்தக் கொமோட்சோ எந்த நாவலில வாறா? பக்க எண் இல்லை. நூல் பட்டியலிலயும் தேடிப் பாத்தனான்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவ நாவலில இல்லை."

யோகராணிக்கு அந்தத் தாளை அடிக்கும்போதே தெரிந்திருந்தது. ஆனாலும் அதை அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். அவள் கன்யேயில் அவர் படிப்பித்த அதே பள்ளிக்கூடத்தில் செட்ஸ்வானா படிப்பித்தவள். முதல் நாவலை அவர் கையில் கொடுத்தவளும் அவள்தான். நான்கு வருடம் பழகினார்கள். ஒப்பந்தம் முடிகிற நேரம், ஊரில் பெண் பார்த்திருக்கிறது என்று அம்மாவின் கடிதம் வந்தது. கொமோட்சோவுக்கு ஒரு விளக்கமும் சொல்லாமல் புறப்பட்டுவிட்டார். ஊருக்குப் போய் அந்தக் கல்யாணத்தையும் செய்ய மனமில்லாமல் குழப்பிவிட்டு இங்கே வந்தார். மூன்று வருடமாகக் கன்யேக்கு ஒரு கடிதமும் போடவில்லை.

"என்னத்தை எழுதுறது? அவ பொறுமைசாலி. மறந்திருப்பா."

"பொறுமை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" யோகராணியின் குரல் அவளே எதிர்பாராத அளவுக்கு உயர்ந்தது. "கேட்டனீங்களோ? ஒருத்தி பேசாமல் நிண்டால் பொறுமை எண்டு நீங்களே எழுதிப்போட்டு வந்திடுவியளோ?"

அவள் அந்தத் தாளை உருவி அவர் முன்னால் வைத்தாள்.

"இந்தப் பக்கத்தை ஆய்வில இருந்து எடுங்கோ. எடுத்து அவவுக்கு அனுப்புங்கோ."

"இப்ப அனுப்பி…"

"முகவரியைச் சொல்லுங்கோ."

அவர் சொல்லச் சொல்ல, உறையில் அவளே முகவரியை அடித்தாள். அவர் அந்தப் பக்கத்தின் கீழே செட்ஸ்வானாவில் நாலைந்து வரி எழுதினார். அவரிடம் விட்டால் சட்டைப் பையிலேயே கிடக்கும் என்று, அவளே தபால் நிலையம் வரை நடந்துபோய்ப் போட்டாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுகை வந்தது. மகாதேவன் போன பிறகு அவள் அப்படி அழுததில்லை.

ஏழு கிழமை கழித்து, ஒரு புதன்கிழமை பின்னேரம் அவர் மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் கடிதம். வாசலில் நின்றபடியே அதை அந்த மொழியில் வாசித்து, வரி வரியாகத் தமிழில் சொன்னார்.

"நான் உன்னை ரெண்டு தரம் கூப்பிட்டனான் எண்டு எழுதியிருக்கிறா. பஸ் சத்தத்தில உனக்குக் கேக்கேல்லையோ, கேட்டும் திரும்பேல்லையோ, நீதான் சொல்ல வேணும் எண்டு கேக்கிறா. பொறுமைசாலி எண்டு ஆர் சொன்னது, மூண்டு வருசமா உன்னில கோபமாத்தான் இருக்கிறன், இண்டைக்கும் கோபம்தான்… நேரில வந்தால் மிச்சம் சொல்லுவன் எண்டு முடிச்சிருக்கிறா."

யோகராணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் கேட்டனீங்களோ, மாஸ்டர்?"

அவர் கடிதத்தை மடித்தார். திரும்பவும் விரித்தார்.

"ஓம். கேட்டது."

ஐந்தாம் அத்தியாயத்தை அவர் முழுதாகத் திருத்தி எழுதினார். பேசாமல் நிற்கும் பெண்களைப் பொறுமைசாலிகள் என்று சொன்ன இடங்களையெல்லாம் வெட்டினார். நவம்பரில் ஆய்வு பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. கன்யேயில் பழைய பள்ளிக்கூடத்திலேயே திரும்பவும் வேலை கிடைத்தது. ஜோஹனஸ்பேர்க் வழி கிட்ட என்றாலும், தென்னாப்பிரிக்காவின் நிறவெறிச் சட்டங்களுக்குள் தன் நிறத்தோடு போக வேண்டாம் என்று பம்பாய், நைரோபி, லுசாக்கா என்று சுற்றிப் போக ஏற்பாடு செய்தார். ஜனவரியில் யோகராணி விமான நிலையத்துக்குப் போனாள்.

"நீங்கள் இல்லாட்டில் நான் இதைச் செய்திருக்க மாட்டன், யோகராணி," என்றார்.

"போய்ச் சேர்ந்தவுடன கடிதம் போடுங்கோ," என்றாள். வேறு பல வசனங்களை அவள் பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அவர் உள்ளே போன பிறகும், கண்ணாடிக் கதவு திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றாள்.

சனிக்கிழமைகள் நீண்டுபோயின. ஆட்டு நோய்களைப் பற்றிய ஓர் ஆய்வு வந்தது, அதை அடித்தாள். பத்து மணிக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டால் விரல்கள் தாமாக நின்றன. யாராவது பக்கத்து வீட்டுக்குப் போகிறவர்களாக இருக்கும்.

மே மாதத்தில் கன்யேயிலிருந்து கடிதம் வந்தது. எழுதியிருந்தது கொமோட்சோ, ஆங்கிலத்தில், பள்ளிக்கூட ஆசிரியைக்கு உரிய உருண்டையான எழுத்தில். கல்யாணம் முடிந்துவிட்டது. முதல் கிழமை முழுக்க அவரோடு சண்டை பிடித்தாளாம். என் முகவரியை அடித்தது நீங்கள்தான் என்று சொன்னார், உங்களைப் பற்றிக் கேட்டால் நல்ல மனுசி என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை, நீங்களே எழுதுங்கள் என்று கேட்டிருந்தாள்.

யோகராணி அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் நாள் முழுவதும் எழுதினாள். தட்டச்சில் அல்ல, கையால். மகாதேவனைப் பற்றி எழுதினாள். அவர் விழுந்த அன்று அலுவலகத்துக்கு வந்த தொலைபேசி அழைப்பைப் பற்றி, போகாமல் இங்கேயே நின்றதைப் பற்றி, முதல் குளிர்காலத்தைப் பற்றி, ஆட்டு நோய்களைப் பற்றியும்கூட எழுதினாள். நான்கு தாள் நிறைந்தது. சனிக்கிழமைகளைப் பற்றி மட்டும் எழுதவில்லை. உறையை ஒட்டி, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, தபால் நிலையம் மூடுவதற்கு முன் போய்ச் சேர வேண்டுமென்று வேகமாக நடந்தாள்.