விருந்தாளியின் கைகள்

ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அப்பாவின் உடம்புக்குக் கீழே பலகைத் தரை கிறீச்சிட்டது. ஹான்னா முட்டி போட்டு, கைகளைக் கோத்து, அவர் மார்பில் அழுத்தியபடி சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாள். மலையேற வந்து நேற்று மாலை இந்த வீட்டில் தங்கிய விருந்தாளி. தன் ஊரில் நர்ஸ்.

கால் மணி நேரம் முன்பு அப்பா அவளுக்கு உப்பு டீ ஊற்றிக்கொண்டிருந்தார். "இவ ஏறின லட்சணத்துக்கு நம்ம கிழட்டு ஆடே முந்திப் போயிருக்கும்" என்று மகள் மெண்டோவிடம் சொல்லிச் சிரித்தவர், சிரித்த வாக்கிலேயே அடுப்போரம் சாய்ந்துவிட்டார்.

"டாக்டர் எவ்வளவு தூரம்?" தலை தூக்காமல் கேட்டாள் ஹான்னா.

"ஜீப்ல மூணு மணி நேரம்." தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மெண்டோ சொன்னாள். ஊர் சுகாதார நிலையம் தசைன் பண்டிகை விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்தது.

வாசலில் நின்ற சித்தப்பா புர்பு பொறுக்க முடியாமல் கத்தினார். "கையை எடுக்கச் சொல்லுடி! கிளம்புற உசிரைப் பிடிச்சு இழுக்கிறா. லாமா வர்ற வரைக்கும் தொடக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"செத்துட்டாருன்னு யார் சொன்னது?"

"நான் சொல்றேன். உங்கம்மா செத்தப்பவும் நான்தான் பார்த்துச் சொன்னேன்."

அப்பாவின் மார்புக்குள் ஏதோ முறிந்தது, சுள்ளி ஒடிகிற மாதிரி. ஹான்னா ஒரு கணம் கண்ணை மூடினாள். எண்ணுவதை நிறுத்தவில்லை.

சித்தப்பா பாய்ந்து வந்தார். மெண்டோ குறுக்கே நின்றாள்.

"கிட்ட வராதீங்க சித்தப்பா."

"கண்டவங்களையும் வீட்டுக்குள்ள ஏத்தாதேன்னு அன்னைக்கே சொன்னேன். கேட்டியா? இப்ப அண்ணன் எலும்பை உடைக்கிறா!"

"அழுத்தட்டும். இன்னும் கொஞ்சம் அழுத்தட்டும்."

அவர் அவளைத் தள்ளவில்லை. முறைத்தபடி நின்றார்.

ஹான்னாவின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. மூக்கு நுனியிலிருந்து வியர்வை அப்பாவின் சட்டையில் சொட்டியது. மெண்டோ குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அடுப்பிலிருந்து பறந்த சாம்பல் துகள் ஒன்று அவருடைய திறந்த கண்ணில் வந்து உட்கார்ந்தது. இமை அசையவில்லை. அவள் காத்திருந்தாள். அது அங்கேயே இருந்தது.

யாராவது சொல்லாமல் இவள் நிறுத்த மாட்டாள் என்று மெண்டோவுக்குப் புரிந்தது. சொல்ல வேண்டியது தான்தான் என்பதும். இங்கிலீஷ் வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை. எதிரே மண்டியிட்டு, ஹான்னாவின் கைகள் மேல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள்.

"போதும்" என்றாள் தன் மொழியில்.

அந்தக் கைகள் இன்னும் இரண்டு தடவை அழுத்தின. மெண்டோவின் கைகளும் சேர்ந்து இறங்கின. பிறகு நின்றன.

சித்தப்பாவின் குரல் தணிந்தது. "யாரும் அழக் கூடாது. கண்ணீர் விழுந்தா அண்ணன் போற வழி வழுக்கும்." உடம்பில் கை படாமல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தினார்.

ஹான்னா எழுந்து வெளியே போனாள். சற்று நேரத்தில் முற்றத்திலிருந்து அவள் விம்மும் சத்தம் கேட்டது. பிறகு வாய்விட்டே அழுதாள்.

"போய் அவளை நிறுத்தச் சொல்லு."

மெண்டோ போனாள். கல் படியில் முழங்காலுக்குள் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தாள் ஹான்னா. மெண்டோ அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளிருந்து சித்தப்பா செருமினார். மறுபடியும் செருமினார்.

முற்றத்தில் காயப்போட்டிருந்த கேழ்வரகைக் கோழிகள் வந்து கிளறின. மெண்டோ அவற்றை விரட்டவில்லை.