கொக்குகள் வருவதற்கு முன்

மூடிய குளத்தை மறுபடி தோண்டிய ஆண்டில், கொக்குகளுக்கு முன்னால் அவற்றின் நிழல்கள் வந்து சேர்ந்தன. மாலை வெயிலில் இஸ்திரிக்கடைச் சுவரில் நெட்டைக் கால்களோடு வரிசையாக நிற்கும். நிமிர்ந்து பார்த்தால் வெறும் வானம். தெரு கொஞ்ச நாள் அதையே பேசிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிற்று.

தோண்டும் வேலையைப் பார்த்த பொறியாளர் ஒரு குறையும் வைக்கவில்லை. தண்ணீர் தேக்கி, நாணல் நட்டு, மீன்குஞ்சு விட்டு, கம்பிவேலி போட்டுப் பூட்டினார். இரண்டு மழைக்காலம் போயும் ஒரு தட்டான்கூட எட்டிப்பார்க்கவில்லை. இஸ்திரிக்கடைக்காரி போய்ச் சாவி கேட்டாள். "அதுங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும் சார்." அவரும் ஏங்கிக் கிடந்தவர்தான், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்.

முன்பு அந்தக் குளத்தை மூடியபோது கடைசி லாரிக் கல்லைக் கொட்டியவன் அவள் கணவன். பிழைப்புக்காக ஓட்டினான், அதன்பின் சரியாகத் தூங்காமலே ஒருநாள் நெஞ்சுவலியில் போய்விட்டான். அவள் கரையில் உட்கார்ந்து, சண்டை போட்டுப் பிரிந்த நாத்தனாரிடம் பேசுவதுபோலத் தண்ணீரிடம் பேசினாள். "கொட்டுனவரு போய்ட்டாரு. நான் மட்டுந்தான் இருக்கேன். வந்து திட்டிட்டாவது போங்க." பேசிக்கொண்டே பிளாஸ்டிக் பொறுக்கினாள். பிறகு முடிதிருத்துபவர் வந்தார், மருந்துக்கடைத் தம்பதி வந்தார்கள், பொறியாளரும் வந்தார். ஆளுக்கொரு உயிரைக் கூப்பிட்டார்கள். முடிதிருத்துபவர் மீன்கொத்தியை "மாப்ளே" என்றார். சாக்கடையை வேறு பக்கம் திருப்பினார்கள். கரைப் புல்லை யாரும் வெட்டவில்லை.

முதலில் தவளைச் சத்தம் வந்தது, தவளை பின்னால் வந்தது. அடுத்த மழையில் கொக்குகளின் கால்கள் மட்டும் வந்து சேற்றில் நடந்தன. ஜனங்கள் வழிவிட்டு நின்றார்கள். இறகு பிறகு வந்தது, கழுத்து கடைசியில். முழுதாக வந்த முதல் கொக்கு அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மீன் பிடிக்கப் போயிற்று. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்த வாரமே கடைத் தரையில் ஒரு ஆணின் நிழல் விழுந்தது. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து ஒரு பக்கம் இறங்கிப்போன தோள். வெளியே யாரும் இல்லை. அவள் பீரோவிலிருந்து பழைய சட்டையொன்றை எடுத்துத் தேய்த்து வாசலில் மாட்டினாள், இன்றுவரை மாட்டுகிறாள். துணி கொடுக்க வருகிறவர்கள் நிழலை மிதிக்காமல் ஒதுங்கி நின்று விசாரிப்பார்கள்.

"அண்ணனுக்குக் கால் வந்துருச்சாக்கா?"

"இன்னும் இல்ல. மழை வரட்டும்" என்பாள்.