கச்சாய் என்றொரு புரோசசர்

நிவேதனா அந்த மின்சுற்றுப் போர்டைக் குளிக்கிற துவாயால் சுற்றி, சந்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். சாவகச்சேரியில் பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் மாறி, மருதனார்மடம் சந்தியில் இறங்கும்வரை அதை மடியைவிட்டு இறக்கவேயில்லையாம். ‘பையைக் கீழை வையுங்கோ அக்கா’ என்று சொன்ன கொண்டக்டரை அவள் பார்த்த பார்வையில் அந்த மனிசன் ரிக்கெற்றே கேட்காமல் முன்பக்கம் போய்விட்டானாம்.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு கூரியர் வான் வந்து அந்தப் போர்டை எடுத்துக்கொண்டு போய்விடும். இரண்டு வருடத்துக்கென்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்று இரவல் கொடுத்த சாமான் அது. தவணை முடிந்துவிட்டது.

அவள் தேடி வந்தது தயாளினியை. இருவரும் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு. தயாளினி வீட்டு முன்னறையில் இருந்தபடி கேர்னலில் வேலை செய்கிறவள். கணினியின் சுவிச்சைத் தட்டியதும் முன்னுக்கு எழும்பி மற்றப் புரோகிராம்களையெல்லாம் மேய்க்கிற புரோகிராம்தான் கேர்னல். எழும்பிய கையோடு, தான் எந்தப் புரோசசரின்மேல் ஓடுகிறது என்று அது அறிந்துகொள்ளவேண்டும். அந்த அறிகிற பகுதியைத்தான் ஒன்பது வருடமாகத் தயாளினி எழுதித் திருத்தி வருகிறாள். ஊரில் ஆரும் கேட்டால் ‘கொம்பியூட்டர் வேலை’ என்பதோடு நிறுத்திக்கொள்வாள். மேலே விளக்கப்போனால், ‘அப்ப எங்கடை பிரின்ரரை ஒருக்கா வந்து பாரன்’ என்று கேட்டுவிடுவார்கள்.

புரோசசர்களில் பல குடும்பங்கள் உண்டு. ஒரு குடும்பம், ‘நீ ஆர்?’ என்றால் பன்னிரண்டு எழுத்தில் தயாரித்தவரின் பெயரைச் சொல்லும். இன்னொன்று ஓர் எண்ணை மட்டும் நீட்டும். அந்த எண்ணைக் கேர்னலில் உள்ள அட்டவணையில் தேடினால் பெயர் வரும். அட்டவணையில் நூற்றுக்கணக்கான பெயர்கள். அமெரிக்கா, ஜப்பான், தாய்வான், சீனா. அவற்றில் நாற்பதைத் தயாளினியே சேர்த்திருக்கிறாள். எங்கள் பக்கத்துப் பெயர் ஒன்றும் இல்லை. இருக்கும் என்று அவள் நினைத்தும் பார்த்ததில்லை.

நிவேதனா தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் படிப்பிக்கிறவள். ஐந்து வருடமாக, வகுப்பு முடிந்த நேரங்களில், தனியாளாக ஒரு புரோசசரை எழுதியிருந்தாள். எழுதியிருந்தாள் என்பதுதான் சரி. பதின்மூவாயிரம் வரி. மேசையில் கிடந்த போர்டின் நடுவிலிருந்த சதுரத்துக்குள் இலட்சக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள் ஒன்றோடொன்று தொடுபடாமல் கிடக்கின்றன. நிவேதனாவின் வரிகளை அதற்குள் இறக்கினால் அந்தத் துண்டுகள் அவள் சொன்னபடி தொடுத்துக்கொண்டு புரோசசராகிவிடும். வயரைப் பிடுங்கினால் திரும்பவும் வெறும் சதுரம்தான்.

தயாளினிக்கு இது தெரியாத சங்கதியல்ல. ஆனால் தெரிந்திருப்பது வேறு, தன் மேசையில் காண்பது வேறு. நிவேதனா தன் வரிகளை இறக்கிய அந்த ஒரு நிமிசத்தில், தயாளினி சதுரத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது. மயிர்க்கூச்செறிந்தது அவளுக்கு.

“என்ன பேர் வைச்சனி?”

“கச்சாய். எங்கடை ஊர்ப் பேர்தான். வேறை என்னத்தை வைக்க?”

கேர்னலின் அட்டவணையில் கச்சாய் என்று ஒரு வரி. இவ்வளவுதான் நிவேதனா கேட்டது. கேர்னலைப் பராமரிக்கிறவர்கள் அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள்: உண்மையான புரோசசர்மேல் கேர்னல் எழும்பி ஓடிய பதிவைக் காட்டவேண்டும். ஓடாததற்கு வரி கிடையாது. அவ்வளவு பெரிய போர்ட் நிவேதனாவிடம் வேறு இல்லை, இனிக் கிடைக்கப்போவதுமில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் ஓடாவிட்டால் அந்த ஐந்து வருடமும் ஒரு பென்ரைவுக்குள் முடங்கிவிடும்.

தயாளினி கேர்னலை ஓடவிட்டாள். திரை கறுப்பாகவே கிடந்தது. ஓர் எழுத்து வரவில்லை. திரும்ப விட்டாள். அதே கறுப்பு.

கண்டபாட்டுக்குத் தேடினார்கள். நிவேதனா முன்பு தானே எழுதிய சின்னச் சோதனைப் புரோகிராம் ஒன்று அதே புரோசசரில் நன்றாக ஓடியது. அடையாள எண் வைத்திருக்கிற இடத்தை வாசித்துச் சரியாகச் சொல்லவும் செய்தது. தயாளினி அதிலிருந்த வரியைத்தான் கேர்னலுக்குள்ளும் வைத்திருந்தாள். அங்கே வேலை செய்வது இங்கே செய்யவில்லை என்றால்?

“என்ரை பிழைதான்” என்றாள் நிவேதனா. “உன்ரை கேர்னல் உலகமெல்லாம் ஓடுது. என்ரைதான் ஒரு இடமும் ஓடாதது.”

‘இல்லையடி’ என்று சொல்லியிருக்கலாம். தயாளினி சொல்லவில்லை. அவளும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தாள். ஒன்பது வருட அனுபவம் இருக்கிறதல்லவா, அந்தக் கெப்பர், தலைக்கனம்.

வியாழன் முழுவதும் நிவேதனா தன் புரோசசரைக் கழற்றி எறிந்தாள். இந்தப் பகுதியில் சந்தேகம், வெட்டு. அந்தப் பகுதியில் சந்தேகம், வெட்டு. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடுத்தெடுக்க ஐந்து மணித்தியாலம். ஐந்து வருடத்தில் கட்டியதை அவள் இரண்டு தரம் இடித்துக் கட்டினாள். இரண்டு தரமும் திரை கறுப்பு. சாப்பிடக் கூப்பிட்ட தயாளினியின் தாய் சிவக்கொழுந்திடம் ‘பசியில்லை மாமி’ என்றாள். புதன், வியாழன் இரண்டு இரவும் அங்கேயே தங்கிவிட்டாள்.

வெள்ளி காலை பத்து மணி. தயாளினியின் தகப்பன் தம்பிராசா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சைக்கிளை உருட்டிப் படலையைத் தாண்டினார். தயாளினிக்கு மண்டை விறைத்துப்போயிருந்தது. சந்தைக்கென்றால் கொஞ்சம் கோப்பித்தூள் வாங்கிவரச் சொல்லலாம் என்று யன்னலால் கத்தினாள்.

“அப்பா, எங்கை போறியள்?”

தம்பிராசா அப்படியே நின்றார். சைக்கிளைத் திருப்பினார். உள்ளே வந்து அதை மதிலோடு சாத்திவிட்டுக் கதிரையில் குந்திவிட்டார்.

எங்கள் ஊரில் ஆருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. வெளிக்கிட்டுப் போகிற ஆளிடம் ‘எங்கே’ என்று முகத்துக்கு நேரே கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. மிஞ்சிப்போனால் ‘தூரவோ?’ என்று கேட்கலாம். கேட்டது கேட்டாயிற்று என்றால், போனவர் திரும்பி வந்து இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் புறப்படுவார்.

“நல்ல வெள்ளிக்கிழமையும் அதுவுமா!” சிவக்கொழுந்து செம்போடு ஓடிவந்தார். “படிச்சு என்ன பிரயோசனம்? போற மனிசனைக் கேப்பியே? வீட்டிலை நான் ஒருத்தி இருக்கிறன், என்னட்டைக் கேட்டால் சொல்லமாட்டனே?”

நிவேதனா இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். தயாளினி சிரிக்கவில்லை. தாயைப் பார்த்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

“நிவே, உந்தச் சோதனைப் புரோகிராம் எந்த நிலையிலை ஓடினது?”

“அடி நிலையிலை. அதுக்குக் கீழை ஒண்டும் இல்லை. ஏன்?”

“கேர்னல் அடி நிலையிலை ஓடுறேல்லை!”

புரோகிராம்கள் புரோசசரில் உரிமைப்படி அடுக்கடுக்கான நிலைகளில் ஓடும், அடி நிலைக்குத்தான் எல்லா உரிமையும். தயாளினி புரோசசரின் விதிநூலைத் திறந்தாள். அடையாள எண்ணின் பக்கத்தை அவள் ஏற்கெனவே வாசித்ததுதான். எண் எங்கே இருக்கிறது என்று பார்த்தவள், அதை ஆர் பார்க்கலாம் என்பதைப் பார்க்கவில்லை. கச்சாய் சேர்ந்த இந்தக் குடும்பத்தில் அந்த இடத்தை நேரே தொட அடி நிலைக்கு மட்டுந்தான் அனுமதி. கேர்னலுக்கும் முன்னம் எழும்பி எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிற சின்னப் புரோகிராம் ஒன்று உண்டு. அதற்குத்தான் அந்த உரிமை. கேர்னல் போய் நேரே தொட்டால் புரோசசர் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிடும். திரையை எழுப்புகிற கட்டத்துக்கு முன்பே நின்றுவிடுவதால் முறைப்பாடு சொல்லவும் வழியில்லை. கேர்னல் கேட்கவேண்டியது அந்தச் சின்னப் புரோகிராமை.

“அப்ப, என்ரை புரோசசர்...” என்று இழுத்தாள் நிவேதனா.

“உன்ரை புரோசசர் சட்டப்படி அச்சொட்டாய் நடந்திருக்கு. என்ரை கேர்னல்தான் கேக்கத் தெரியாமல் கேட்டிருக்கு. உன்னிலை பிழையெண்டு நானும் நினைச்சனான். மன்னிச்சுக்கொள்ளடி.”

நிவேதனா புதன்கிழமைக் கோப்பைத் தேடி எடுத்தாள், வெட்டாத, கொத்தாத முழுக் கச்சாயை. தயாளினி பன்னிரண்டு வரி எழுதினாள். மற்றக் குடும்பங்கள் என்றால் முன்போலவே நேரே கேள். இந்தக் குடும்பம் என்றால் கீழே இருப்பவரிடம் கேள். புரோசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் பார்க்கிற ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாகக் கேள். கச்சாய்க்குள் நாலு கோர்கள், நாலும் ஒரே மாதிரி என்று கேளாமல் முடிவுகட்டுவதும் பிழைதானே. எழுதியதைக் கேர்னலோடு சேர்த்து, வந்த சில்லறைப் பிழைகளைத் திருத்தி முடிக்க ஒன்றே முக்காலாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் படலையில் ஹோர்ன் அடித்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முன்னதாகவே கூரியர் வான்.

“அம்மா, கொஞ்ச நேரம் மறி!” என்றாள் தயாளினி.

சிவக்கொழுந்துக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவேண்டுமா? “இருங்கோ தம்பி, வெய்யிலுக்கை வந்திருக்கிறியள். மத்தியானம் சாப்பிட்டதோ? விரதச் சமையல்தான், பரவாயில்லையே?” வானில் வந்த பெடியன் மறுக்க மறுக்க இலையே போட்டாயிற்று.

உள்ளே தயாளினி கேர்னலை ஓடவிட்டாள். கறுப்பு. பிறகு, ஒரு வரி.

இன்னொரு வரி. பிறகு மழை பிடித்ததுபோல வரிகள் கொட்டின. முதலாவது கோர் கண்விழித்துத் தன்னைச் சொன்னது. மற்ற மூன்றையும் அது ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பியது. எழும்பிய ஒவ்வொன்றும் சொன்னது:

தயாரித்த நிறுவனம்: பூச்சியம். வடிவம்: கச்சாய்.

பூச்சியம் என்றால் விதிநூலில், வியாபாரத்துக்கு என்று செய்யப்படாதது. உலகத்துப் பெரிய நிறுவனங்களெல்லாம் எண் போட்டுக்கொண்டு நிற்கிற இடத்தில், சாவகச்சேரி பஸ்ஸில் மடியில் ஏறி வந்த ஒன்று, நான் ஒருவரதும் சரக்கல்ல என்று நாலு தரம் சொன்னது. கல்லூரி ஓய்வறையில் இருந்து நிவேதனா தட்டிய சொற்களை, முன்னறையில் இருந்து தயாளினி தட்டிய சொற்கள் ஆரென்று கேட்க, அதற்கு மறுமொழி வருகிறது. கையளவு இடத்தில், ஒரு மனிதரும் தொடாமல். தயாளினிக்குக் கும்பிடவேண்டும்போல இருந்தது. என்னத்தைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை. பதிவை மூன்று இடத்தில் சேமித்தாள்.

“பிடுங்குவமே?” என்றாள் கடைசியில்.

“நானே பிடுங்குறன்.” நிவேதனா வயரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பிடுங்கினாள். சதுரம் ஆறத் தொடங்கியது. துவாயால் துடைத்து, பெட்டியில் வைத்து, பாயாசமும் குடித்து முடித்திருந்த பெடியனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தாள். வான் போனபின்பு கச்சாய் என்ற புரோசசர் பூமியில் ஒரு இடத்திலும் இல்லை.

பதிவையும் பன்னிரண்டு வரியையும் அனுப்பிப் பதினொரு நாள் கழித்து, கேர்னலைப் பராமரிக்கிறவர்களிடமிருந்து ஒற்றை வரியில் கடிதம் வந்தது: சேர்த்தாயிற்று. அடுத்த வெளியீட்டிலிருந்து அந்தக் கேர்னல் போகிற கணினிகளிலெல்லாம் அந்தப் பெயரும் போகும். அது ஒருநாள் வந்து எழும்பினால், அதை எப்படிக் கேட்கவேண்டும் என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கும்.

தயாளினி உடனே போன் எடுத்தாள். நிவேதனா வகுப்புக்கு வெளியே வந்து நின்று கேட்டாள்.

“அட்டவணையிலை அந்த வரியை ஒருக்கா வாசி” என்றாள்.

தயாளினி வாசித்தாள். பூச்சியம், கச்சாய், கோர் நாலு.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“இன்னொருக்கா வாசி.”