வீட்லதானே இருக்க

தொம்மென்ற சத்தத்தில் கவுன்டரே அதிர்ந்தது. வந்தவர் துணிப்பையிலிருந்து எடுத்து வைத்தது வாஷிங் மெஷினின் மோட்டார்.

"ரெண்டு வாரமா எங்க வீடு இப்படித்தாம்மா அதிருது. நீங்களும் ஒரு தடவை கேளுங்க."

கவுன்டரில் இருந்த பெரியவள், அவள் வீட்டின் மூத்த மருமகள், சிரித்தபடி புகார்ச் சீட்டை எழுதினாள். நின்றுகொண்டேதான். அந்த சர்வீஸ் சென்டரில் கவுன்டர்காரர்களுக்கு நாற்காலி கிடையாது. ஒன்பது வருடம் நின்று நின்று, குதிகாலில் ஆணி இறங்கியதுபோல் வலி. செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு பிசியோதெரபி, தவறினால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கவுன்டர் திறப்பதும் அதே பத்து மணிக்கு.

கூட்டம் குறைந்ததும் வீட்டுக்கு போன் போட்டாள். "கேஸ் சிலிண்டர் வரும். நீ வீட்லதானே இருக்க, வாங்கி வெச்சிடு."

"சரிக்கா" என்றாள் ஓரகத்தி. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட இருவருக்கும் வீடும் ஒன்று, கம்பெனியும் ஒன்று. போனில் வரும் புகார்களைச் சின்னவள் வீட்டிலிருந்தபடியே பதிவு செய்வாள். கொடுத்துவைத்தவள் என்று பெரியவள் முணுமுணுத்துக்கொண்டாள்.

மதியம் வீடியோ மீட்டிங். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இனி நேரத்தை வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம் என்றார் மேனேஜர்.

"எங்களுக்கு சார்?" பெரியவள் செவ்வாய்க்கிழமை விஷயத்தைச் சொன்னாள்.

மேனேஜர் நல்ல மனிதர். நெளிந்தார். "கவுன்டரைத் தலையில தூக்கிட்டு வீட்டுக்குப் போக முடியாதேம்மா."

"தலையில ஒண்ணும் இல்ல சார். எனக்கு வலி கால்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. அப்போது திரையின் மூலைக் கட்டத்தில் சின்னவள் கை தூக்கினாள்.

"செவ்வாய்க்கிழமை கவுன்டருக்கு நான் வரேன் சார். அக்கா ஆஸ்பத்திரி முடிச்சிட்டு வீட்லேருந்து என் போனைப் பாக்கட்டும். ரெண்டு பேரும் எழுதுறது ஒரே சீட்டுதானே?"

மேனேஜர் மோவாயைத் தடவினார். "உங்க ரெண்டு பேருக்கு மட்டும்னா மத்தவங்க சும்மா விடமாட்டாங்க. இப்படி ஜோடி சேர்ந்து மாத்திக்கலாம்னு எல்லாருக்குமே ஆர்டர் போட்டுடறேன்."

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்த பெரியவள் நின்றுவிட்டாள். கூடத்தில் சிலிண்டர். பக்கத்தில் யாருக்கோ வந்த இரண்டு பார்சல், மாமனாரின் மருந்து, பாதி மடித்த துணிகள். நடுவே காதில் ஹெட்போனோடு சின்னவள் யாருக்கோ மெஷினின் வடிகுழாயைக் கழற்றச் சொல்லித் தந்துகொண்டிருந்தாள். காலையில் ஆறவைத்த காபி மேஜையில் ஆடை கட்டிக் கிடந்தது.

அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"எனக்காக நீ எதுக்கு அங்க வந்து கால் கடுக்க நிக்கணும்?"

சின்னவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"உங்களுக்காக மட்டும் இல்லக்கா. வாரத்துல ஒரு நாளாவது, 'நீ வீட்லதானே இருக்க'ன்னு யாரும் சொல்ல முடியாத இடத்துல இருந்து பாக்கறேன்."