துக்கப் பால்

"பாலை மட்டும் நிறுத்தினீங்களா, தூக்குறதையுமா?"

மருந்துச் சீட்டில் ஓடிக்கொண்டிருந்த பேனா நின்றது. டாக்டர் கேட்டது நஜிமாவை. பதில் சொன்னது அவள் நாத்தனார் விதெத்.

"ரெண்டையும்தான் டாக்டரம்மா. என் தம்பி, இவ புருஷன், இத்தாலிக்குக் கள்ளப் படகேறினான். இருக்கானா இல்லையான்னே தெரியல. இவளுக்கு எந்நேரமும் அழுகை. துக்கப் பால் பிள்ளைக்கு ஆகாதில்ல? அதான் புட்டிக்கு மாத்தி, இவ அழுகை காதுல விழாம இவனை என் வீட்டுக் கடைசி அறையில போட்டிருக்கேன்."

"அங்க அவன் அழுதா?"

"அழுதுட்டு அவனே அடங்கிடுவான். சமத்து. எனக்கும் நாலு பசங்க, ஆலிவ் பொறுக்கப் போகணும், ரொட்டி சுடணும். எத்தனை தடவை ஓடுறது?"

"அது சமத்து இல்லம்மா. யாரும் வரமாட்டாங்கன்னு அலுத்துப் போறது."

குழந்தை இயாதின் மூச்சு விதெத்தின் சால்வைக்குள் கரகரத்தது. இந்தக் குளிர்காலம் முழுக்க இதே பாடு. மார்ச்சளி போனால் காதில் சீழ், காது ஆறினால் மறுபடி மார்ச்சளி. நஜிமாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. தன் உடம்பில் ஊறுவது விஷம் என்று நம்பி, இரவில் அதைப் பீய்ச்சித் தொட்டியில் ஊற்றிக் கொண்டிருந்தவள் அவள்.

"எங்க வீட்லயும் அப்படித்தான் சொன்னாங்க" என்றார் டாக்டர். "எங்கம்மா கேக்கல. அழுதுகிட்டேதான் குடுத்தாங்க. எனக்கு நாக்குல மட்டும்தான் விஷம் ஏறிச்சு."

விதெத் சிரிக்கவில்லை.

"பயத்துலயே கிடக்குற பிஞ்சு உடம்பு, நோயோட மோதக் கத்துக்க வேண்டிய வயசுல, வேற எதுக்கோ காவல் நின்னு களைச்சுப்போகும். சளிக்கு அது ஒண்ணுதான் காரணம்னு சொல்லமாட்டேன். ஆனா தாயோட சூட்டுல பயம் இறங்கும். பால்லயும் தெம்பு இருக்கு. அழுதா கெட்டுப்போற சாமான் இல்ல அது. இன்னைக்கே ஆரம்பிங்க, மறுபடி ஊறும்."

ஊருக்குத் திரும்பும் ஷேர் டாக்ஸியில் இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். குழந்தை விதெத்திடம். மருந்துப் பை நஜிமாவிடம். ஜன்னலுக்கு வெளியே ஆலிவ் மரங்களும் நடுநடுவே கடலும் வந்து போயின. நஜிமா கடல் தெரியும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"படிச்சவங்க பேசிட்டுப் போயிடுவாங்கடி" என்றாள் விதெத். குரலில் கோபம்கூடச் சோர்ந்திருந்தது. "இவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, நாளைக்கு என் தம்பி வந்து யாரைக் கேப்பான்? என்னைத்தானே?"

'வந்து'. அவன் வருவான் என்று வீட்டில் இன்னும் சொல்கிறவள் விதெத் ஒருத்திதான். குழந்தையை ஏன் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்பது நஜிமாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

சால்வைக்குள் இயாத் சிணுங்கினான். இருமினான். பிறகு, பழகியவன்போல, தானே அடங்கினான்.

நஜிமா மருந்துப் பையைக் காலடியில் வைத்தாள். மேல்கோட்டின் பித்தான்களைக் கழற்றினாள்.

"மதனி, அவனை என்கிட்டக் குடுங்களேன்."